கசப்புக்குப் பால்சுறா

அடைக்கலநாதன் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததற்குப் பால் விடாத தேநீரின் நிறம். அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழிகள் எழும்பி மேலே வந்து வெள்ளை நுரைக்குள் காணாமற்போயின. கடலுக்கு அடியில் மூச்சு விட்டால் குமிழிகள் இப்படித்தான் மேலே போகும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குமிழி நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். பாண் மணத்தது. இன்னொரு முறை மணந்தபோது காய்ந்த புல் மணத்தது. குவளையை மேசையில் வைத்துவிட்டு நுரை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்த்தார்.

பக்கத்து மேசையில் இருந்த பெடியன் பொறுமை இழந்துவிட்டான்.

"அண்ணை, உது பாக்கிறதுக்கில்லை. குடிக்கிறதுக்கு."

"தெரியும் தம்பி. குடிக்க ஏலாதெண்டுதான் பாக்கிறன்."

பெடியன் தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் சிரித்தார்கள். அடைக்கலநாதனும் சிரித்தார். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. வருகிற சனிக்கிழமைக்குள் அந்தக் குவளைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த இடத்துக்குப் பெயர் 'போறணை'. மருதனார்மடம் சந்தியைத் தாண்டி, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் புகையிலையைச் சூடுகாட்டிப் பதப்படுத்திய கட்டடம். உயரமான சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பளபளவென்று உருக்குத் தாங்கிகளைப் பூட்டி, அங்கேயே பியர் காய்ச்சி அங்கேயே விற்கிறான் சிவதர்ஷன். கோதுமை மாவில் பாண் சுடுகிற அடுப்புக்கும் போறணை என்றுதான் பெயர். திறந்த முதல் கிழமை, அதை நம்பி இரண்டு பேர் விடியக்காலையில் பாண் வாங்க வந்து நின்றார்களாம்.

சிவதர்ஷன் அந்த ஊர்ப் பெடியன்தான். தெற்கே ஒரு பியர்த் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்தவன். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிதான் சாப்பிடுவான். அவனுடைய தாய் பராசக்தி, அயலவர்கள் கேட்டால், "தம்பி சோடாக் கொம்பனி வைச்சிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அடைக்கலநாதனுக்கும் போறணைக்கும் தொடர்பு வந்தது கணவாயால்.

அவர் குருநகரில் பிறந்தவர். தகப்பன் வலைத்தொழில் செய்தார். இவர் வலையை விட்டுவிட்டு அட்டை குளிக்கப் போனார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் ஊர்ந்து கடலட்டை பொறுக்குகிற தொழில் அது. நல்ல வருமானம், நல்ல குடி. கரைக்கு வந்தால் கள்ளுத் தவறணை, தவறணையால் வந்தால் வீடு. ஒருநாள், முதல்நாள் குடித்த வெறி முறியாமலே இறங்கினார். ஆழத்தில் தலை சுற்ற, பயத்தில் சட்டென்று மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் உடம்புக்குள் காற்று அடைக்கும் என்பது குளிக்கப் போகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வள்ளத்தில் ஏற்றும்போதே இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பாலைதீவு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். எழும்பி நடந்தால் சாகும்வரை கள்ளோ, சாராயமோ, பியரோ நாக்கில் படாது. எழும்பி நடந்தார். இடதுகால் மட்டும் முழுதாகத் திரும்பி வரவில்லை. நடக்கும்போது அது கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்தக் காலோடு கடலுக்குப் போக முடியாது என்றானபோது, தனக்குத் தெரிந்த மற்ற இடத்துக்குப் போனார். அது தவறணை. ஆனால் இந்த முறை குடிக்கப் போகவில்லை. வேலிக்கரையில் ஒரு கொட்டில் போட்டு, கள்ளுக் குடிக்கிறவர்களுக்குப் பைற்ஸ் செய்து விற்றார். கணவாய்ப் பிரட்டல், பொரித்த சூடை, நண்டு. வாங்கியவர்கள் சேட்டுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"குடியாத மனுசன் குடிகாரனுக்கு எப்பிடி அளவாச் சமைக்கிறார்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அவர் ரெண்டு பேருக்குப் போதுமானதை முந்தியே குடிச்சு முடிச்சிட்டார்" என்பார் செபமாலை. அவர் ஒரே வள்ளத்தில் இவரோடு குளிக்கப் போன கூட்டாளி. இன்னும் ஒவ்வொரு பின்னேரமும் தவறணையில் ஒரு போத்தலோடு இருப்பவர்.

இப்போது தவறணைக்குச் சுற்றுமதில் கட்டப் போகிறார்கள். கொட்டிலை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு எங்கே அடுப்பு வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சிவதர்ஷன் அங்கே வந்தான். கணவாயை வாயில் போட்டு, கண்ணை மூடி, "அண்ணை, என்னட்டை ஒரு குசினி சும்மா கிடக்கு. வாற சனம் மிக்ஸர் பைக்கற்றை உடைச்சுத் தின்னுது. ஒரு சனிக்கிழமை வந்து சமைச்சுப் பாருங்கோ. சரிவந்தா குசினி உங்களுக்கு" என்றான்.

அடைக்கலநாதன் போய்ப் பார்த்தார். கூரை போட்ட குசினி. தண்ணீர்க் குழாய். காஸ் அடுப்பு. கால் வலித்தால் இருக்க ஒரு உயரமான ஸ்ரூல். அந்த ஸ்ரூலில் ஒருமுறை இருந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து மனைவி றொசாந்தியிடம் அதைப் பற்றி மூன்று தரம் சொன்னார்.

"ஸ்ரூலுக்கே இவ்வளவு கதையெண்டா, குசினி கிடைச்சா நித்திரை கொள்ளமாட்டியள்" என்றாள் அவள்.

ஆனால் முதல் சனிக்கிழமை பிழையாகப் போய்விட்டது.

தவறணையில் ஒரு முறை உண்டு. பைற்ஸ் வாயில் பட்டதும் உச்சி வேர்க்க வேண்டும். வேர்த்தால்தான் கை கள்ளுக்குப் போகும். உடன் கள்ளு இனிப்பும் புளிப்புமாக இறங்கி அந்தத் தீயை அணைத்துவிடும். கை மறுபடி கணவாய்க்குப் போகும். அடைக்கலநாதன் இத்தனை வருடமும் சமைத்தது அந்தக் கணக்கில்தான். பெரிய இடம், புது ஆட்கள் என்று நினைத்து அன்றைக்கு ஒரு பிடி செத்தல் மிளகாய் கூடுதலாகவே போட்டார்.

வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகள் ஒரு மேசையில் இருந்தார்கள். ஒருத்தி ஒரு துண்டு வாயில் போட்டாள். பியரைக் குடித்தாள். குடித்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளோடு வந்தவன் முதுகைத் தட்டினான். வலிகாமத்துத் தோட்டக்காரர்கள், உறைப்புக்குப் பயந்தவர்கள் இல்லை, அவர்களே தண்ணீர் கேட்டார்கள். அன்றிரவு போறணையில் பியரை விடத் தண்ணீர்ப் போத்தல்தான் கூட ஓடியது. சாப்பாட்டுக் கோப்பைகள் பாதி பாதியாகக் குசினிக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் அடைக்கலநாதன் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவாய் இதற்கு முன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

சிவதர்ஷன் மறைத்துப் பேசவில்லை.

"அண்ணை, தவறணையிலை உது சோக்கா இருந்தது. இஞ்சை எனக்கே வாய் பத்துது. பியர் கசப்பு. அதோடை காஸ். உறைப்பை அது அணைக்காது, கிளப்பிவிடும். எனக்கும் இப்பதான் விளங்குது."

"அப்ப என்னத்தைச் சமைக்கிறது?"

"ஒரு வாய் குடிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்."

"நான் குடிக்கமாட்டன் தம்பி."

நேர்த்திக் கதையைச் சொன்னார். சிவதர்ஷன் கேட்டுவிட்டு வற்புறுத்தவில்லை. "அடுத்த சனியும் பாப்பம் அண்ணை. அதுக்குப் பிறகு நான் வேறை ஆரையும் தேடத்தான் வேணும். குறை நினையாதேங்கோ" என்றான்.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அடைக்கலநாதன் அங்கே ஒரு குவளையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைகளில் விற்கிற போத்தல் பியரை அவர் முன்பு குடித்ததுண்டு. "அதை மறந்துபோங்கோ, இது வேறை" என்றிருந்தான் சிவதர்ஷன். ஆகவே குடிக்கிறவர்களையே கேட்பது என்று முடிவு செய்தார். குவளையைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, மேசை மேசையாகப் போனார்.

"தம்பியவை, குறை நினையாதேங்கோ. உது எப்பிடி இருக்கு?"

"சோக்கா இருக்கு அண்ணை."

"சோக்கெண்டா?"

"சோக்கெண்டா... பியர் மாதிரி இருக்கு."

அடுத்த மேசையில் ஒருவன், "குளிரா இருக்கு" என்றான். அவனுக்கு அருகில் இருந்தவன், "முதல் ஒண்டும் தெரியாது. பிறகு தெரியும்" என்றான். என்ன தெரியும் என்று கேட்டதற்கு அவன் கையை விரித்தான். மூலையில் தனியே இருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், நமசிவாயம் என்று பெயர், அவர் மட்டும் நன்றாக யோசித்தார். ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"என்ரை மாமி மாதிரி" என்றார். "முதல் இனிப்பாத்தான் கதைப்பா. எழும்பி வரேக்கைதான் கசக்கும்."

இனிப்பு, பிறகு கசப்பு. அடைக்கலநாதன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு சிவதர்ஷனிடம் போனார். அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சிவதர்ஷன் உள்ளே கூட்டிப்போய் இரண்டு சாக்குகளைத் திறந்து காட்டினான். ஒன்றில் முளைக்கவைத்து வறுத்த பார்லி. மற்றதில் காய்ந்த பச்சைப் பூ, ஹொப்ஸ் என்று பெயர், குளிர் நாட்டிலிருந்து வருவது.

"இதிலை வெறி இல்லையே?"

"இல்லை அண்ணை. இது வெறும் தானியம். அது வெறும் பூ."

அடைக்கலநாதன் பார்லியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுச் சப்பினார். வறுத்த கச்சான் கடலைக்கும் பாண் கரைக்கும் நடுவில் ஒரு இனிப்பு. நல்லாயிருந்தது. பூவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். வேப்பம்பூவை வறுக்காமல் சப்பியது போல, கசப்பு நாக்கில் தொடங்கிக் காதுவரை போனது. கண்ணை இறுக்கிக்கொண்டு, துப்பாமல், அதற்கு மேலே இன்னொரு பிடி பார்லியைப் போட்டார். மேசையில் இருந்த சோடாவை எடுத்து அதன்மேல் ஊற்றினார். கன்னம் இரண்டும் உப்ப, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் குதப்பியபடி கையால் சைகை காட்டினார். இதுதானா?

சிவதர்ஷனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, அரிசியையும் உழுந்தையும் தனித்தனியாச் சப்பிப்போட்டு தோசை எப்பிடி இருக்கும் எண்டு கேக்கிறியள். உது கிழமைக் கணக்கிலை புளிச்சு, அடங்கி, வேறை ஒண்டாகி வாறது."

"கிழமைக் கணக்கோ?" அடைக்கலநாதன் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கள்ளு பின்னேரத்துக்கு மேலை நிண்டாலே வினாகிரி. நீர் கிழமைக் கணக்கிலை வைச்சிருந்து விக்கிறீர். சனம் ஒண்டும் சொல்லேல்லையே?"

"அதுதான் அண்ணை இதின்ரை வித்தை."

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார். புளிக்கவும் வேண்டும், வினாகிரி ஆகவும் கூடாது. அது எப்படி? தாங்கிக்குள் பூட்டி வைத்த அந்த இருட்டில் என்ன நடக்கிறது? பூவின் கசப்பு யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரும்வரை வாயை விட்டுப் போகவில்லை.

செபமாலை இறங்குதுறையில் காத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விசரா நீ?" என்றார். "ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு நாக்கிலை வைச்சுத் துப்பிவிடு. அந்தோனியார் பாக்கமாட்டார். பாத்தாலும், பாவம் வேலைக்குத்தானே எண்டு விட்டிடுவார்."

"அந்தோனியாருக்குச் சமாளிச்சுச் சொல்லலாம் மச்சான். என்னைத்தான் சமாளிக்க ஏலாது. நான் ஒரு சொட்டோடை நிண்டதை நீ எப்பவாவது கண்டனியோ?"

செபமாலை கடலைப் பார்த்தார். அப்படி ஒரு நாள் அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

றொசாந்தி நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைச் சிதையாமல் எடுக்கிற வேலை. அன்று பின்னேரம் வேலையால் வந்து, குளித்து, தலை உலர்த்திக்கொண்டு இருந்தாள். புருஷன் வந்த முகத்தைப் பார்த்ததும் குசினி போய்விட்டது என்று நினைத்தாள். அவர் பார்லி, பூ, சோடா, மாமி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது.

"நேர்த்தி வைச்சது நீங்கள்தானே."

"ஓம்."

"நான் வைக்கேல்லையே."

அடைக்கலநாதனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எழும்பி நின்றுவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமோ? குருநகர்ச் சனம் என்ன சொல்லும்? பொம்பிளை பியர்க் கடைக்குள்ளை போய்..."

"நீங்கள் ரோட்டிலை விழுந்து கிடக்கேக்கை நான் தூக்கி வந்தனான். அப்ப சனம் சொல்லாததையே இப்ப சொல்லப் போகுது?" அவள் தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டே சொன்னாள். "இஞ்சாருங்கோ, எத்தினை வருசம் உங்கடை வாயிலை அந்த மணத்தை மணந்துகொண்டு படுத்தனான். அதுக்குள்ளை அப்பிடி என்னதான் கிடக்கு எண்டு ஒருக்காப் பாக்கிறன். எனக்கும் அறிய ஆசையிராதே?"

இத்தனை வருடத்தில் அவள் அப்படி ஒரு கேள்வியை வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அவள் அரைநாள் லீவு எடுத்தாள். ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். அவர் பின்னால் இருந்தார். போறணை திறக்க இன்னும் நேரம் இருந்தது. சிவதர்ஷன் கதிரைகளை மேசையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு சின்னக் குவளையைக் கழுவித் துடைத்து, தாங்கியிலிருந்து நேரே பிடித்துக்கொண்டு வந்து வைத்தான்.

"இந்தாங்கோ அக்கா."

றொசாந்தி சிலுவை அடையாளம் போட்டாள். குவளையை இரண்டு கையாலும் எடுத்தாள். மருந்து குடிக்கிற பிள்ளை போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணியது. மூக்கில் நுரை ஒட்டியிருந்தது.

"எப்பிடி?" என்றார் அடைக்கலநாதன்.

"பொறுங்கோ."

இரண்டாவது மிடறை வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக விழுங்கினாள். நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி, நாக்கை வாய்க்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடைக்கலநாதன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முதல் பாண் கரை மாதிரி. பிறகு கொஞ்சம் பனங்கட்டி இனிப்பு. அது போன பிறகு கசப்பு வருது. நாக்கு நுனியிலை இல்லை, அடித்தொண்டையிலை. பாவற்காய்க் கசப்பில்லை. பாவற்காய் உடனை கசக்கும். இது நிண்டு கசக்குது." மீண்டும் நாக்கைச் சுழற்றினாள். "இது எனக்குத் தெரியும். எங்கையோ குடிச்சிருக்கிறன்."

"நீ எங்கை குடிச்சனி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு சட்டென்று திறந்தாள்.

"காயம்! பிள்ளை பெத்த பிறகு அரைச்சுக் கரைச்சுத் தருவினமே, அந்தக் காயம். மூத்தவள் பிறக்கேக்கை அம்மா மூக்கைப் பிடிச்சுப் பருக்கினவா. இதே மாதிரித்தான், நிண்டு கசக்கும். குடிச்ச கையோடை சோறும் பால்சுறா வறையும் தருவா. வாய் கசந்து கிடக்கிற நேரம் அந்த வறை இருக்கே..." அவள் கை தானாக ஒரு கவளம் உருட்டுவது போல அசைந்தது. "உள்ளியும் மிளகும் தேங்காய்ப்பூவும். உறைப்பு இல்லை. அப்பிடி ஒரு ருசி பிறகு எனக்கு வரேல்லை."

சிவதர்ஷன், "அப்ப சரி, அதைச் செய்வம்" என்றான்.

அடைக்கலநாதன் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு விளங்கேல்லை. பால்சுறா வறை பால் சுரக்கக் குடுக்கிறது. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறதைக் கொண்டுபோய்ப் பியர் குடிக்கிறவனுக்கு முன்னாலை வைக்கிறதே? நான் பிறகு குருநகரிலை தலை காட்டேலாது."

"கணவாய் திரும்பி வரேக்கை மட்டும் தலை நிமிந்தோ நிண்டது?" என்றாள் றொசாந்தி.

சனிக்கிழமை விடியவே செபமாலை இரண்டு பால்சுறாக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கென்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். போறணைக் குசினியில் றொசாந்தி சுறாவை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலை உரித்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்து உதிர்த்தாள். வெங்காயமும் கறிவேப்பிலையும் உள்ளியும் வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு, மிளகும் சீரகமும் இடித்துத் தூவி, கடைசியில் தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிரட்டினார் அடைக்கலநாதன். செத்தல் போத்தலுக்கு இரண்டு தரம் கை போனது. இரண்டு தரமும் றொசாந்தி அதைத் தள்ளி வைத்தாள். சின்னச் சின்ன ரொட்டிகள் சுட்டு, ஒவ்வொன்றின் மேலும் வறையை வைத்து, தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டார்கள்.

முதல் கோப்பை நமசிவாயத்தின் மேசைக்குப் போனது. அன்றைக்கு அவர் நண்பர்கள் நாலு பேரோடு வந்திருந்தார். குசினி வாசலில் நின்று அடைக்கலநாதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

நமசிவாயம் குனிந்து மணந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"டேய்!" என்றார். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இது பிள்ளைப்பெத்த வீட்டுச் சாப்பாடெல்லோ!"

அந்த மேசை வெடித்துச் சிரித்தது.

"ஆருக்கடா பிள்ளை பிறந்தது?"

"நமசிவாயத்தாருக்குத்தான். வண்டி வயித்தைப் பார், பெறுமாதம்!"

"அண்ணை, உள்ளி கூடத் தின்னுங்கோ. பால் நல்லாச் சுரக்கும்!"

அடுத்த மேசைகளும் சேர்ந்துகொண்டன. அடைக்கலநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. போய்க் கோப்பையை எடுத்துவந்து விடுவோம் என்று ஒரு அடி வைத்தார். றொசாந்தி அவருடைய சேட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்கோ. வாயைப் பாக்காதேங்கோ. கையைப் பாருங்கோ."

அவர் கைகளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தபடியே கோப்பைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பகிடி சொன்னவன்தான் இரண்டு எடுத்தான். ஒருவன் பியரை ஒரு மிடறு குடித்து, உடனே வறையை வாயில் போட்டு, மெதுவாக மென்றான்.

"என்ரை தம்பி பிறக்கேக்கை" என்றான் அவன், யாரையும் பார்க்காமல், "அம்மா அறைக்குள்ளை இருந்து இதைச் சாப்பிடுவா. நான் கதவடியிலை போய் நிப்பன். ஆச்சி, 'போடா, இது உனக்கில்லை' எண்டு கலைப்பா. அம்மா ஒளிச்சு ஒரு வாய் தருவா. ஒரே ஒரு வாய். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார் நமசிவாயம். "என்ரை மனுசி ரெண்டு பிள்ளைக்கும் நாப்பத்தொரு நாள் இதைச் சாப்பிட்டவள். மணம் மட்டும் எனக்கு. ஒருநாள் களவாச் சட்டியைத் துறந்து மாமியிட்டைப் பிடிபட்டனான்." குவளையைத் தூக்கிக் குசினிப் பக்கம் காட்டினார். "அண்ணை, இன்னொரு கோப்பை. பெரிசா."

அதற்குப் பிறகு எல்லா மேசைகளிலும் கேட்டார்கள். வங்கிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். போன கிழமை கண்ணீர் விட்டவள் முதலில் ரொட்டியைத் திறந்து மிளகாய் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லையென்று கண்டதும் சாப்பிட்டாள். ஆண்கள் இதைப் பற்றி ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கோப்பை துடைத்தது போலத் திரும்பி வந்தது. அடைக்கலநாதன் அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் தேங்காய்ப்பூக்கூட மிச்சம் இல்லை என்று பார்த்தார். குசினியில் ஸ்ரூல் இருந்தது அன்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

சுறா முடிந்ததும் சிவதர்ஷன் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, இனிக் கதை இல்லை. குசினி உங்களுக்கு. அடுத்த கிழமையே சட்டி பானையைக் கொண்டுவாங்கோ."

அடைக்கலநாதன் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். இந்தப் பியர் சரிவந்திட்டுது. நீர் அடுத்த மாசம் வேறை ஒண்டு வடிப்பீர். அது எப்பிடி எண்டு எனக்குத் தெரியவராது. நான் சமைக்கிறவன்தான். இண்டைக்குக் கண்டுபிடிச்சது நானில்லை."

சிவதர்ஷன் றொசாந்தியைப் பார்த்தான். அடைக்கலநாதனும் பார்த்தார். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நண்டுக் கொம்பனியிலை என்னட்டை ஆரும் நாக்கைக் கேக்கிறதில்லை. விரலைத்தான் கேக்கிறது" என்றாள். "நான் வாறதெண்டா அவருக்கு உதவிக்கு எண்டு வரமாட்டன். குசினி ரெண்டு பேற்றை பேரிலையும் இருக்கவேணும். பிறகு, தம்பி, கோயில்லை ஆரும் என்னைப் பற்றிக் கேட்டா, உங்கடை அம்மா சொல்லுற மாதிரிச் சோடாக் கொம்பனி எண்டு நான் சொல்லமாட்டன். பியர்க் கடையிலை வேலை எண்டுதான் சொல்லுவன். அது உங்களுக்குச் சரியோ?"

சிவதர்ஷன் தலையைச் சொறிந்தான். "அம்மாவின்ரை காதுக்குப் போகும்" என்றான். பிறகு, "போகட்டும் அக்கா. எப்பவோ ஒருநாள் போகத்தானே வேணும்" என்றான்.

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடைக்கலநாதனைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கென்ன" என்றார் அவர். "நீ வராட்டி நான் திரும்பவும் பூவைச் சப்பவேணும்."

சிவதர்ஷன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னக் குவளை இருந்தது. அதற்குள் இருந்தது கறுப்பு, கோப்பி போல. மேலே நுரை மண்நிறமாக நின்றது.

"குரக்கன் மணியை வறுத்துப் போட்டு வடிச்சது. இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

றொசாந்தி கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். இந்த முறை மூச்சைப் பிடிக்கவில்லை. ஒரு மிடறு குடித்தாள். விழுங்கினாள். கூரையைப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன, எப்பிடி?" என்றார் அடைக்கலநாதன்.

அவள் இன்னொரு மிடறு குடித்தாள்.

"சொல்லனப்பா. கசக்குதோ? இனிக்குதோ?"

"இதுக்குப் புளி மாங்காய் எங்கையாவது கிடக்கே?" என்று கேட்டாள் றொசாந்தி.

அடைக்கலநாதன் அதற்குள் கத்தியைத் தேடத் தொடங்கிவிட்டார்.